சங்கத்து இசை நிகழ்ச்சியில் மிஞ்சிய பணம்: எந்தக் கணக்கில் வைப்பது?

புதுப்பொருளாளர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய சேவை சங்கத்தில் சேர்ந்து 2 வருடம் ஆகிறது. உறுப்பினர்கள் 30 பேர், கூட்டத்துக்கு வருவது 12, 13 பேர். இந்த ஆண்டு பொருளாளர் பதவிக்கு யாரும் கை தூக்கவில்லை. நான் அன்றைக்குத் தாமதமாகப் போனேன், உள்ளே நுழையும்போதே எல்லோரும் கை தட்டினார்கள். அப்படித்தான் பொருளாளர் ஆனேன்.

போன மாதம் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுப்பதற்காக என்று சொல்லி ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினோம். டிக்கெட்டிலேயே அப்படித்தான் அச்சடித்திருந்தோம். கூட்டம் நன்றாகவே வந்தது. விழா மலர் ஒன்று அச்சடித்து, அதற்கு விளம்பரமும் வாங்கினோம். மறுநாள் பில்களையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தால், 100 வந்தது என்றால் அதில் 62 செலவு. அரங்க வாடகை, மைக் செட், பாடகர்கள், அச்சுக்கூலி, மேடை அலங்காரம், அப்புறம் நினைவுப் பரிசு. நினைவுப் பரிசே எண்ணிக்கையில் 40 வாங்கியிருக்கிறோம், அதில் பாதி எங்கள் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது. என் வீட்டு அலமாரியிலும் ஒன்று நிற்கிறது, பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

இது ஒன்று. இரண்டாவது, எங்கள் தலைவர். நல்ல மனிதர், தப்பான எண்ணம் உள்ளவர் இல்லை. அவர் சொல்கிறார்: "மீதியில் கொஞ்சத்தை எடுத்து மேலிடத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியைக் கட்டிவிடுவோம், உறுப்பினர் சந்தா வந்ததும் திரும்ப வைத்துவிடலாம், எல்லாம் ஒரே பைதானே." எங்களுக்கு இருப்பது ஒரே வங்கிக் கணக்கு, அதனால் ஒரே பை என்பதும் உண்மைதான். காசோலையில் கையெழுத்துப் போட எனக்குத்தான் கை வரவில்லை.

மூன்றாவது, நாற்காலி யாருக்கு என்பது. ஓர் உறுப்பினர் 9 பேர் பட்டியல் வைத்திருக்கிறார். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் "எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள்தான்" என்கிறார். வழங்கும் விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று, சிறப்பு விருந்தினரும் ஒப்புக்கொண்டாயிற்று. நாற்காலிதான் இன்னும் வாங்கவில்லை.

வீட்டில் தம்பி கேட்கிறான், "நீங்கள் எல்லாம் படம் எடுத்துக்கொள்ளத்தானே கூடுகிறீர்கள்?" என்று. கோபம் வந்தது, பதில் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இவ்வளவு செலவு சகஜமா? அந்தப் பணத்தைத் தொடலாமா? பட்டியலை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தொடாதீர்கள். தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

அரிமா சங்கங்களில், அதாவது லயன்ஸ் கிளப்புகளில், இது எழுதி வைத்த விதி. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே போய்ச் சேர வேண்டும், சங்கத்தை நடத்தும் செலவு உறுப்பினர் சந்தாவிலிருந்து வர வேண்டும். அதனால்தான் அங்கே நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. உங்கள் சங்கம் எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த அமைப்பானாலும் நியாயம் ஒன்றுதான். உங்கள் விஷயத்தில் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டிக்கெட்டில் சக்கர நாற்காலி என்று அச்சடித்துவிட்டீர்கள். அப்படிச் சொல்லி வாங்கிய பணத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலே கேள்வி வரும், மேலிடத்துச் சந்தா எங்கே வருகிறது?

யோசித்துப் பாருங்கள், மேலிடத்துக்குப் பாக்கி ஏன் விழுந்தது? உறுப்பினர்கள் சந்தா கட்டவில்லை. அவர்கள் கட்டாததை டிக்கெட் வாங்கிய யாரோ ஒருவர் தலையில் கட்டுவதா? "அடுத்த மாதம் வைத்துவிடலாம்" என்று எடுத்த பணம் அடுத்த மாதம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நான் 11 வருடமாகப் பல சங்கங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறேன், அதில் ஒரு தடவைகூட இல்லை.

நிகழ்ச்சிக்கு நேரடியாக ஆன நியாயமான செலவை வரவிலிருந்து கழித்துக்கொள்ளலாம், அதை யாரும் தடுப்பதில்லை. அரங்கம், மைக் செட், டிக்கெட் அச்சு எல்லாம் அதில் வரும். உறுப்பினர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட அந்த 20 நினைவுப் பரிசு வராது. நானாக இருந்தால் அந்தப் பில்லைத் தனியாக எடுத்து நிர்வாகத்தின் பக்கம் தள்ளிவிடுவேன். சண்டை வரும், வரட்டும்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. நிகழ்ச்சி அன்றைக்குப் பணத்தை எண்ணியது யார்? வாசலில் டிக்கெட் விற்ற பணம், உண்டியலில் விழுந்த பணம் இரண்டையும் அரங்கத்தை விட்டு வெளியே போகும் முன் 2 பேர் சேர்ந்து எண்ணி, ஒரு தாளில் எழுதி, 2 பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த 2 பேர் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணுகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் அரிச்சந்திரனாகவே இருந்தாலும் விடாதீர்கள். இது அவர்மேல் சந்தேகப்பட்டு அல்ல, நாளைக்கு யாராவது அவர்மேல் சந்தேகப்பட்டால் அவரைக் காப்பாற்ற.

டிக்கெட்டுக்கு வரிசை எண் இருக்கிறதா? 1 முதல் 50 வரை யாரிடம் கொடுத்தீர்கள், எத்தனை விற்றார், எத்தனை திரும்பி வந்தது, எத்தனை இலவசமாகப் போனது. இலவசத்துக்கும் பெயர் எழுத வேண்டும். விற்காத டிக்கெட் கைக்கு வரவில்லை என்றால் அது விற்றதாகத்தான் கணக்கு. இந்த ஒரு விதியைச் சொன்னாலே சட்டைப் பையில், கார் டேஷ்போர்டில் எல்லாம் கிடக்கிற டிக்கெட்டுகள் ஓடி வந்துவிடும்.

அடுத்த தடவை யாராவது "குலுக்கல் வைக்கலாம்" என்று கிளம்பினால் முதலில் அங்கே உள்ள சட்டத்தைப் பாருங்கள். பல நாடுகளில் அதற்கு அனுமதி வேண்டும், சில இடங்களில் அறவே தடை. நல்ல காரியத்துக்குத்தானே என்று சொன்னால் சட்டம் விடாது.

சும்மா_ஒரு_கேள்வி

இவ்வளவு எதற்கு? 30 பேர் இருக்கிறீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் 9 நாற்காலி வந்துவிடாதா? அரங்கமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், 62-ம் மிச்சம். உங்கள் தம்பி கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. விழா இல்லாத சேவை சங்கத்தை யாராவது காட்டுங்கள், நானே சேர்கிறேன்.

முன்னாள்_செயலாளர்

சும்மா கேட்பவருக்கு முதலில். உங்கள் கணக்கு ஒரு தடவைக்குச் சரிவரும். இரண்டாம் வருடம் அதே 30 பேரிடம் கேட்டால் 22 பேர் கொடுப்பார்கள், மூன்றாம் வருடம் 10. நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். ஒரு நிகழ்ச்சி நடத்தினால் பணத்தோடு ஆளும் வருவார்கள். எங்கள் சங்கத்தில் இன்று உருப்படியாக வேலை செய்பவர்களில் 3 பேர் ஒரு காலத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாடகம் பார்க்க வந்தவர்கள். அதனால் விழாவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 100-க்கு 62 அதிகம், அதில் பேச்சே இல்லை.

பொருளாளர் தம்பி, எங்களுக்கு இதில் ஒரு வழி பிடிபட்டது, சூடுபட்ட பிறகுதான். செலவுக்கு ஸ்பான்சர் கிடைக்கும் வரை ஒரு டிக்கெட்கூட அச்சடிக்காதீர்கள். அரங்க வாடகையை ஒருவர், மைக் செட்டை ஒருவர், அச்சை அச்சகக்காரரே ஏற்றுக்கொள்கிறார் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், டிக்கெட்டில் வருகிற பணம் முழுவதும் வேலைக்குப் போகும். இதை டிக்கெட் வாங்குபவரிடம் சொல்லவும் சொல்லலாம், அது விற்பனைக்கும் உதவுகிறது. ஸ்பான்சர் கிடைக்கவில்லையா, நிகழ்ச்சியைச் சுருக்குங்கள். எங்களுக்கு ஒரு வருடம் அரங்கத்துக்கே ஸ்பான்சர் கிடைக்கவில்லை, பள்ளிக்கூடத்து மைதானத்தில் காலையில் நடைப் போட்டி வைத்தோம். ஒவ்வொருவரும் தன் நடைக்குத் தானே தெரிந்தவர்களிடம் நிதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். செலவு தண்ணீரும் சுண்ணாம்புக் கோடும்தான். சுண்ணாம்புக் கோடு போட்டவர் கோணலாகப் போட்டுவிட்டார், பாதிப் பேர் குறுக்கு வழியில் வந்து முதலில் நின்றார்கள், அது வேறு கதை.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. உண்மையில் இதுதான் முதல் கேள்வி, நீங்கள் கடைசியில் வைத்துவிட்டீர்கள்.

நாங்களும் நாற்காலி கொடுத்தோம். 12. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், மேடையில் வரிசையாக நிறுத்தினால் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அதில் ஒருவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி இருந்தது. அதன்மேல் மடித்த துணி அடுக்கியிருந்தது. அவர் தரையில் பாயில் உட்கார்ந்திருந்தார். ஏன் ஐயா பயன்படுத்தவில்லை என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை, சங்கடத்தோடு, எங்களைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னார்: வீட்டுக்குள் வருகிறது, ஆனால் கழிப்பறைக் கதவுக்குள் நுழையவில்லை. வெளியே போகலாம் என்றால் வாசலில் 2 படி. அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு சாய்தளமும் சுவரில் ஒரு கைப்பிடியும். அதற்கு நாற்காலி விலையில் பாதிகூட ஆகாது. நாங்கள் கேட்கவே இல்லை.

இன்னொரு வீட்டில் ஒரு சின்னப் பெண், 9 வயது இருக்கும். பெரியவர்களுக்கான நாற்காலியில் அவள் கால் மிதிபலகைக்கு எட்டவில்லை, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள், ஏனென்றால் இருக்கை அவ்வளவு அகலம். அவள் அம்மா தலையணையை மடித்துச் செருகியிருந்தார். அதைப் பார்த்த பிறகு அந்த மேடைப் படத்தை எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

உலக சுகாதார அமைப்பு 2008-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது, வசதி குறைந்த இடங்களில் கையால் தள்ளும் சக்கர நாற்காலி வழங்குவது பற்றி. அதில் 8 படிகள் சொல்கிறார்கள். ஆளைப் பரிந்துரைப்பது, நேரில் பார்த்து மதிப்பிடுவது, எது பொருந்தும் என்று முடிவு செய்வது, பணமும் ஆர்டரும், நாற்காலியைத் தயார் செய்வது, உட்காரவைத்துப் பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பிறகு பழுதுபார்ப்பதும் தொடர்ந்து கவனிப்பதும். எங்களைப் போன்ற சங்கங்கள் நேராக நான்காவது படியில் குதித்து, மேடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்ச்சி இல்லாதவருக்கு அழுத்தம் தாங்கும் மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுத்தால் படுக்கைப்புண் வரும், அந்தப் புண்ணில் உயிரே போகலாம். நல்லது செய்யப் போய்க் கெடுதல் செய்வது என்பது இதுதான்.

அதனால் விழா தேதியைத் தள்ளி வையுங்கள். சிறப்பு விருந்தினர் கோபித்துக்கொள்வாரே என்றால், கோபித்துக்கொள்ளட்டும். பட்டியலில் உள்ள 9 பேர் வீட்டுக்கும் 2 பேர் போங்கள். அந்தப் பட்டியல்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரை விட்டுவிட்டுப் போனால் பகை. முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டைக் கூட அழைத்துப் போங்கள். பக்கத்து மருத்துவமனையில் கேட்டால் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள்.

கடைசியாக, உங்கள் தம்பிக்குச் சொல்ல ஒரு விஷயம். ரோட்டரி சங்கம் 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது. முதலில் அது வியாபாரத் தொடர்புக்காகவும் நட்புக்காகவும் கூடிய கூட்டம்தான், முறைவைத்து (ஆங்கிலத்தில் ரொட்டேஷன்) ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. உங்கள் தம்பி அன்றைக்கு இருந்திருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பான். 1907-இல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுவேலை என்ன தெரியுமா? நகரத்தில் பொதுக் கழிப்பறை. மேடையில் நிறுத்திப் படம் எடுக்க முடியாத வேலை. தங்கள் பணத்தில் கட்டிவிடலாம் என்று பார்க்கவில்லை, மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு நகராட்சியின் பின்னால் அலைந்துதான் காரியத்தை முடித்தார்கள். பணம் திரட்டுவது ஒரு வழி, அலைவது இன்னொரு வழி. இரண்டாவதற்கு டிக்கெட் அச்சடிக்க வேண்டாம்.

இரவுப்பணி

நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருப்பவள், இரத்த வங்கியில் டெக்னீஷியன். முன்னாள் செயலாளர் ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சங்கங்கள் நடத்தும் இரத்ததான முகாம்கள் இல்லாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நன்றி இல்லாதவள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஜூன் 14 வந்தால், அதுதான் உலக இரத்த தான நாள், ஆளாளுக்கு முகாம். ஒரே வாரத்தில் எங்கள் குளிர்பெட்டி நிரம்பி வழியும். சிவப்பணுக்களை அதிகம் போனால் 42 நாள் வைக்கலாம். தட்டணுக்கள் சாதாரணமாக 5 நாள்தான். ஆறாம் நாள் அதைத் தூக்கிப் போடுகிற கை என்னுடையது. அந்தப் பையின்மேல் நன்கொடையாளர் எண் ஒட்டியிருக்கும். ஒருவர் வெயிலில் வரிசையில் நின்று கொடுத்தது அது.

அப்புறம் பள்ளி விடுமுறை, பண்டிகைக் காலம் வரும். யாரும் இருக்க மாட்டார்கள். விபத்துகள் மட்டும் இருக்கும். போன தடவை கொடுத்தவர்களைக் கூப்பிடலாம் என்றால், எல்லோரும் ஒரே நாளில் கொடுத்ததால் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் மறுபடி கொடுக்கும் தகுதி வரும்.

இதை ஒரு சங்கத்துச் செயலாளரிடம் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது, ஏனென்றால் ஒரே நாளில் 200 பாட்டில் என்றால் அவர்களுக்கு மேலிடத்தில் விருது உண்டாம். பிறகு யோசித்துவிட்டு வந்து, ஒரு பெரிய முகாமுக்குப் பதில் உறுப்பினர்கள், அவர்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் இரத்தப் பிரிவுவாரியாகப் பட்டியல் போட்டு, மாதத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்துக் கொடுத்தார். இப்போது நான் கேட்கும் தேதியில் 6 பேர், 8 பேர் வருகிறார்கள். பேனர் இல்லை. அந்த வருடம் அவர்களுக்கு விருதும் கிடைக்கவில்லை. செலவு எவ்வளவு என்று கேட்டால், ஒரு நோட்டுப் புத்தகமும் தொலைபேசி அழைப்புகளும்.

எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். கொடுப்பவர்களுக்கு வசதியான நாள் ஒன்று இருக்கிறது, வாங்குபவர்களுக்குத் தேவையான நாள் ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும்.

மூன்றாம்_வரிசை

எல்லோரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள், நான் ஒரு சின்ன எரிச்சலைக் கொட்டிவிட்டுப் போகிறேன். பொருளாளர் சார், அந்த டிக்கெட்டுகளில் எத்தனையைப் பெண் உறுப்பினர்களும் உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களும் விற்றார்கள் என்று வரிசை எண்ணை வைத்துப் பாருங்கள். பிறகு மேடையில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று படத்தைப் பாருங்கள். எங்கள் சங்கத்தில் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

ரோட்டரியில் பெண்களுக்கு இடம் கிடைத்ததே நீதிமன்றம் போய்த்தான். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊர் சங்கம் 1977-இல் 3 பெண்களைச் சேர்த்தது என்பதற்காக அந்தச் சங்கத்தையே நீக்கினார்கள். 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே 1987-இல்தான் அரிமா சங்கமும் கதவைத் திறந்தது. அதற்கு முன்னால் 1925-இல் அரிமா மாநாட்டில் வந்து, பார்வையற்றோருக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர், பார்வையும் செவித்திறனும் இழந்த ஹெலன் கெல்லர், ஒரு பெண். இன்றைக்கு வரை அந்த அமைப்பு கண் சம்பந்தமான வேலை செய்கிறது என்றால் அந்தப் பேச்சுதான் தொடக்கம். பேச்சைக் கேட்டு 62 வருடம் வேலை செய்தார்கள், உள்ளே மட்டும் விடவில்லை.

கண் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய மூக்குக்கண்ணாடி சேகரிக்கிறோம் என்று ஒரு பெட்டி வைத்தோம். 4 மாதத்தில் பெட்டி நிரம்பியது. தரையில் துணி விரித்துக் கொட்டிப் பிரித்தோம். காது ஒடிந்தது, கண்ணாடி கீறல் விழுந்தது, ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் உள்ளது, ஒன்று நீச்சல் கண்ணாடி. சுத்தம் செய்து, பவர் அளந்து, ஒட்டி வைத்து, பொருந்துகிற ஆளைத் தேடி... கடைசியில் பயன்பட்டது மிகக் கொஞ்சம். 40 வயதுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது கிட்டப் படிக்கிற சாதாரணக் கண்ணாடி, அது புதிதாகவே மலிவு. அடுத்த தடவை பெட்டியை எடுத்துவிட்டு, புதிது வாங்கி, கண் பரிசோதகர் ஒருவரை உட்காரவைத்தோம். ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லித்தான் சோதித்தார். ஒரு பாட்டி கோர்த்த ஊசியைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமெல்லாம் காட்டினார்.

சும்மா_ஒரு_கேள்வி

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் இத்தனை பெரிய அமைப்புகள் சிறிய சிறிய வேலையாகவே செய்துகொண்டிருந்தால் என்ன மாறும்? உருப்படியாக ஒன்றை முடித்தார்கள் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா?

முன்னாள்_செயலாளர்

போலியோ. 1979-இல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலையில் ரோட்டரி இறங்கியது, 1985-இல் அதையே உலக அளவில் எடுத்துக்கொண்டது. 1988-இல் உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் எல்லோரும் சேர்ந்து ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் வருடத்துக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்தது. இன்று அந்த எண்ணிக்கை 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. முழுவதும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன், முடியவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் பணம் பெரிதுதான், ஆனால் நான் பார்த்தது வேறு. சொட்டு மருந்து நாளன்று எங்கள் ஆட்கள் செய்தது ஐஸ் பெட்டி தூக்குவது, வீடு வீடாகப் போய் விடுபட்ட குழந்தையைத் தேடுவது, சுண்டுவிரல் நகத்தில் மை வைப்பது. ஆளுக்கு ஒரு தெரு. ஒரு தெரு சின்ன வேலைதான். ரோட்டரியின் உலக நிதிக்கே தொடக்கம் எவ்வளவு தெரியுமா? 1917-இல் ஆர்ச் கிளம்ஃப் என்பவர் ஒரு நிதி வைக்கலாம் என்று சொல்ல, முதலில் வந்தது 26 டாலர் 50 சென்ட். உங்கள் உண்டியலில் இதைவிட அதிகம் விழுந்திருக்கும்.

புதுப்பொருளாளர்

மன்னிக்கவும், பதில் எழுத 3 வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டத்தில் கணக்கை ஒரே பக்கத்தில் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். வரவு இடது பக்கம், செலவு வலது பக்கம், நினைவுப் பரிசு தனி வரியில். யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் எழுந்து, "என்னுடைய பரிசுக்கு நான் பணம் கட்டிவிடுகிறேன்" என்றார். அவர் உட்காருவதற்குள் இன்னும் 4 பேர். எல்லோரும் இல்லை, கடைசியில் மொத்தம் 13 பேர். மீதிப் பேரிடம் நான் கேட்கப் போவதில்லை, அதற்குள் எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவது வங்கிக் கணக்கு தொடங்கியாயிற்று. தலைவர் கொஞ்சம் வருத்தப்பட்டார், 2 நாள் போன் எடுக்கவில்லை. பிறகு அவரே சந்தா பாக்கிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு வசூல் செய்துவிட்டார். அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

விழா தேதி தள்ளிப்போயிற்று. 9 வீட்டில் 6 வீட்டுக்குப் போய்விட்டோம். பட்டியல்காரர் முதல் 2 வீட்டில் முறைத்துக்கொண்டே வந்தார், மூன்றாவது வீட்டில் அவரே முழங்காலிட்டு உட்கார்ந்து டேப்பைப் பிடித்தார். 6 பேரில் 3 பேருக்குத்தான் நாற்காலி வேண்டும். ஒருவரிடம் ஏற்கெனவே 2 இருக்கிறது, இரண்டுக்கும் டயர் இல்லை. ஒருவருக்கு ஊன்றுகோல் போதும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். ஓர் அம்மா, நாற்காலி வேண்டாம், மகனைப் பகலில் 2 மணி நேரம் பார்த்துக்கொள்ள யாராவது வந்தால் வேலைக்குப் போவேன் என்றார். அதற்கு எந்தக் கணக்கில் என்ன செலவு எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் மூன்றாம் வரிசை அவர்கள் சொன்ன அந்த வரிசை எண்ணைப் பார்த்தேன், அதிகம் டிக்கெட் விற்ற 2 பேரிடம் இதைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமை ஒருவர், வியாழக்கிழமை ஒருவர் போகிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். கதவை அளந்தோம், நாற்காலி விவரத்தில் போட்டிருக்கும் அகலத்தைவிடக் கதவு கொஞ்சம்தான் அதிகம். நுழையுமா?

முன்னாள்_செயலாளர்

விவரத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் இருக்கையின் அகலமாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். சக்கரத்துக்கு வெளியே கையால் தள்ளும் வளையம் இருக்கிறதே, அந்த வளையத்துக்கு வளையம் அளந்தால்தான் முழு அகலம். கதவிலும் சட்டத்துக்குச் சட்டம் அளக்கக் கூடாது, கதவைத் திறந்து வைத்து, பலகையின் கனம் போக மிஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும். அப்புறம் வளையத்தைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு இரண்டு பக்கமும் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் விரல்முட்டி தேயும். வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு நாற்காலியை ஒரு நாளைக்கு இரவல் கேட்டு, அந்த வீட்டுக்கு எடுத்துப்போய், அவரையே உட்காரவைத்துத் தள்ளிப் பாருங்கள். கழிப்பறைக் கதவையும் மறந்துவிடாதீர்கள்.